பொட்டு வைத்த வால்வு

ஜோகுபாளையம் அய்யாவு செய்த ஆம்ப்ளிஃபையர், மைக் இல்லாமல், பாட்டு இல்லாமல், மைக் துளையில் ஒரு கம்பிகூடச் செருகாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு வாயைத் திறந்து தமிழில் பேசியது. அதுவும் சும்மா பேச்சில்லை, கெஞ்சல். கேட்டவர்கள் பதினோரு பேர். அல்சூர் ஏரிக்கரைக் கொக்குகளையும் சேர்த்தால் நாற்பதுக்குக் குறையாது. அன்றைக்குப் பறந்த கொக்குகள் இன்னும் திரும்பவில்லை என்று அய்யாவு சொல்வார். கொக்குக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். மற்றதெல்லாம் நடந்தது.

அய்யாவுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. டெலிபோன் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் பரிசோதனை மேசையில் உட்கார்ந்தவர். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. அவர் வாய்க்குள் சுண்டெலி நுழைந்தால் யானையாகத்தான் வெளியே வரும். கட்டிய நாளிலிருந்து இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தாள் மனைவி சரசு. அவர் நூறு என்றால் அவள் பத்து என்று எடுத்துக்கொள்வாள். பத்து என்றால் ஒன்று. ஒன்று என்றால், அப்படி எதுவும் நடக்கவே இல்லை.

வீட்டில் ஆம்ப்ளிஃபையர் செய்வது அவருக்குப் பொழுதுபோக்கு என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். அதுவும் இந்தக் காலத்துச் சில்லு வைத்த பெட்டி அல்ல, வால்வு செட். கண்ணாடிக் குப்பிக்குள் சின்னதாக ஒரு நெருப்பு கனியும், அதைச் சுற்றி தலைமுடியைவிட மெல்லிய கம்பிப் பின்னல் இருக்கும், அந்த வால்வு. அப்படி எட்டு வால்வு வைத்த செட் ஒன்றைப் போன வைகாசியில் தெருக்கோடி விகாரைக்கு இலவசமாகக் கொடுத்தார். அங்கேதான் வினை பிடித்தது.

விகாரை என்றால் பெரிய கோபுரமெல்லாம் கிடையாது. மாடியில் ஒரு நீளமான அறை, ஒரு புத்தர், அறுபது பேர் உட்காரப் பாய். பௌர்ணமியை ஒட்டி வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அரைமணி நேரம் எல்லோரும் கண்ணை மூடிப் பேசாமல் இருப்பார்கள். நடத்துபவர் பழனிச்சாமி ஐயா. எண்பத்து நாலு வயது, குரல் நூல் மாதிரி இழைந்துவிட்டது. நடுநடுவே, "மூச்சைப் பாருங்க," என்பார். அந்த ஒரு சொல் கடைசிப் பாய்வரை போக வேண்டுமானால் மைக்கும் ஆம்ப்ளிஃபையரும் அரைமணி நேரமும் உயிரோடு இருந்தாக வேண்டும். உயிரோடு இருக்கவும் வேண்டும், மூச்சுக் காட்டவும் கூடாது.

போன வைகாசியில், "ஆசைதான் துக்கத்துக்கெல்லாம் வேர்," என்று பழனிச்சாமி ஐயா சொல்லி முடித்தார். அறை அமைதியானது. பதினைந்தாவது நிமிடம் அய்யாவுவின் செட் எங்கிருந்தோ ஓர் எஃப்.எம் ரேடியோவைப் பிடித்துக்கொண்டு, ஒரு பெண் குரலில், கன்னடத்தில், மைசூர் ரோடு பக்கம் வீட்டுமனை விற்க ஆரம்பித்தது. ஆசைப்பட்டதை இன்றே வாங்குங்கள் என்றது. ஃபோன் நம்பரை இரண்டு தடவை சொன்னது. முன்வரிசையில் ஒருவர் எழுதிக்கொண்டார் என்பது அய்யாவுவின் சேர்க்கையாக இருக்கலாம்.

செட் போர்வையில் சுருட்டப்பட்டு வீட்டுக்குத் திரும்பியது. அதற்குப் பின் ஒரு வருடம் தெருவில் எவனைப் பார்த்தாலும், "இன்னா அய்யாவண்ணே, சைட்டு ரேட்டு ஏறிடுச்சா?" என்றான். விகாரையில் வாடகை செட் வைத்தார்கள். அது ரேடியோ பிடிக்கவில்லை, ஆனால் அரைமணி நேரமும் தேன்கூட்டுக்குள் தலையை விட்ட மாதிரி உறுமியது.

விகாரையின் செயலாளர் சங்கமித்ரா. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். அவள்தான் ஒரு நாள் வந்து முடிவாகச் சொன்னாள்.

"அங்கிள், இந்தப் பௌர்ணமிதான் கடைசி. உங்க செட்டும் க்ளென் அங்கிள் செட்டும் ரெண்டையும் வெச்சு டெஸ்ட் பண்றோம். எது சத்தமே இல்லாம இருக்கோ அது நம்ம அலமாரித் தட்டுல நிரந்தரமா இருக்கும். ரெண்டும் சரியில்லைன்னா கடையில ரெடிமேட் வாங்கிடுவோம்."

அய்யாவுவுக்கு அதற்குப் பின் சோறு இறங்கவில்லை. அவருக்கு வேண்டியது அந்தத் தட்டு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், புத்தருக்கு இடப்பக்கம். போன மானம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

க்ளென், விமானத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அல்சூரில் வீடு, மனைவி பெயர் மௌரீன். நாற்பது வருடச் சிநேகிதர், நாற்பது வருடப் போட்டியாளர். ஒரு திருகாணியைக்கூட மூன்று தடவை பார்த்துத்தான் நம்புவார். டெஸ்டுக்கு அவரே விதிமுறை எழுதி, அச்சடித்து, கோப்பில் போட்டுக் கொண்டுவந்தார். எதுவும் செருகாமல் வால்யூமை முழுக்கத் திறந்து, ஸ்பீக்கர் கம்பியில் மீட்டர் வைத்து அளக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், என்ன பழுது என்று சீட்டில் முழு விவரமும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் மாற்றிய செட் தள்ளுபடி, மற்றதுக்குத் தட்டு. கையெழுத்துப் போடுகிறவர் பழுதைத் தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது தன் காதால் கேட்டிருக்க வேண்டும்.

"அடுத்தவன் காதுல கேட்டதுக்கு நான் சைன் பண்ண மாட்டேன் மேன்," என்றார் க்ளென். "ஏரோப்ளேன் விழுந்துடும்."

"இது ஏரோப்ளேன் இல்ல க்ளென்."

"அதான் மேன், அதுகூட விழுந்துடும்."

அய்யாவு வேலையில் இறங்கினார். ஆம்ப்ளிஃபையரில் முதல் வால்வுதான் எல்லாம். அது முணுமுணுத்தால் இரண்டாவது அதைப் பேச்சாக்கும், மூன்றாவது மேடைப் பேச்சாக்கும். முதல் வால்வு தும்மினால் கடைசி வால்வில் இடி இடிக்கும். ஆகவே ஞாயிற்றுச் சந்தையில் ஒரு பெட்டி பழைய வால்வு வாங்கிவந்தார். நாற்பத்து மூன்று. தெருவில் சொல்லும்போது நானூறு.

ஒவ்வொன்றையும் செட்டில் பொருத்தி இருபது நிமிடம் சூடேற விட்டு, பென்சிலின் ரப்பர் முனையால் தலையில் மெல்லத் தட்டுவார். சில வால்வு எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி பொரியும். சில தட்டினதும் ஸ்பீக்கரில் 'டங்' என்று மணியடிக்கும். உள்ளே அந்தக் கம்பிப் பின்னல் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு வால்வு அடித்த மணி ஓயவே அரை நிமிடம் ஆனது. அதைத் தட்டினபோது எதிர்வீட்டுக்காரர் தீபாராதனை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் என்பார் அய்யாவு.

கெட்ட வால்வு தெரிய வேண்டுமே, அதற்குச் சரசுவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துக்கொண்டார். கெட்டதற்கு ஒரு சிவப்புப் பொட்டு. இருபத்தாறு வால்வு பார்த்ததில் பத்தொன்பதுக்குப் பொட்டு வைக்க வேண்டியதாயிற்று. அட்டையில் மிச்சம் நாலு.

"என் பொட்டையெல்லாம் குப்பிக்கு வெச்சுட்டு நான் இன்னா, வெறும் நெத்தியோட கடைக்குப் போவணுமா?" என்றாள் சரசு.

அய்யாவு யோசித்தார். நல்லது குறைச்சல், கெட்டது ஜாஸ்தி. ஆகவே மிச்சத்துக்கு நல்லதற்குப் பொட்டு வைத்தால் போதும். முறையை மாற்றிவிட்டார். பார்த்து முடித்ததை ஒரு பெட்டியிலும் இனிப் பார்ப்பதை இன்னொன்றிலும் போட்டார். முதல் பெட்டியில் பொட்டு வைத்தது கெட்டது, இரண்டாம் பெட்டியில் பொட்டு வைத்தது நல்லது. இதை நினைவில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில், நினைவில் வைத்துக்கொண்டோம் என்பது மட்டும் நினைவில் இருந்தது. அதற்குள் சரசு வீடு பெருக்கும்போது இரண்டு பெட்டியையும் ஒன்றாகக் கொட்டி, துணி போட்டு, அழகாக அடுக்கிவைத்திருந்தாள்.

நல்ல வேளையாக, தேர்ந்தெடுத்த மிகச் சாதுவான வால்வு ஏற்கெனவே செட்டில் ஏறியிருந்தது. அதற்கு ஒரு உறை வேண்டும். போன வருடம் எஃப்.எம் நுழைந்தது, வால்வு அம்மணமாக நின்றதால்தான். ஓர் எண்ணெய் டின்னை வெட்டி, அந்தத் தகரத்தைச் சப்பாத்திக் கட்டையில் சுற்றி உருட்டிக் குழலாக்கி, வால்வின் மேல் கவிழ்த்து, அடியில் ஒரு கம்பியை செட்டின் உடம்போடு ஈயம் வைத்து ஒட்டினார். ஒரே இடத்தில்தான் ஒட்ட வேண்டும். இரண்டு இடத்தில் ஒட்டினால் அந்த வளையத்துக்குள்ளேயே உறுமல் சுற்றிக்கொண்டிருக்கும். நெருப்புக்கு மின்சாரம் கொண்டுபோகிற இரண்டு கம்பிகளையும் ஜடை மாதிரி பின்னி மூலையோரமாக ஓட்டினார். இரண்டு நாள் சப்பாத்தியில் தகர வாசனை அடித்தது.

"சத்தம் சுத்தமா செத்துடுச்சு சரசு. அடுத்த தெருவுல எறும்பு நடந்தா கேக்குது."

"எறும்பா? அப்போ யாரோ லாரி ஓட்டிட்டுப் போயிருப்பான்," என்றாள் சரசு. கணக்கு கணக்குதான்.

ஞாயிறு வந்தது. செட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனார். தெருக்கோடிதான், நடந்தாலே நாலு நிமிடம். அதில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஆட்டோ இறங்கி ஏறியதை அய்யாவு இப்போதும் பத்து நிமிடம் சொல்வார். விகாரையில் உறையைக் கழற்றிப் பார்த்தால் அந்தச் சாதுவான வால்வின் தலையில் வெள்ளிப் பூச்சு பால் மாதிரி வெளுத்திருந்தது. கண்ணாடி விரிசல் விட்டுக் காற்று நுழைந்துவிட்டது. வால்வு செத்துப்போயிற்று.

மணி எட்டு ஐம்பது. இன்னும் பத்து நிமிடம். கைவசம் கொண்டுவந்த பெட்டியைத் திறந்தார். பென்சில் வீட்டில். கண்ணில் பட்டது பளிச்சென்று சிவப்புப் பொட்டு வைத்த ஒரு வால்வு. பொட்டு வைத்தது நல்லது, நாமே வைத்தோம். எடுத்துச் செருகினார். உறையைக் கவிழ்த்தார்.

ஒன்பது மணிக்குப் பரிசோதனை. பார்க்க வந்த பதினோரு பேரில் சரசுவும் இருந்தாள். முதலில் க்ளென் செட். மீட்டர் மூன்று மில்லிவோல்ட் காட்டியது. தூரத்தில் ஒரு வண்டு பறக்கிற அளவு. அடுத்து அய்யாவு செட். மைக் செருகவில்லை, வால்யூம் முழுசாகத் திறந்தாயிற்று. எதிர்ச்சுவரில் இருந்த இரண்டு ஸ்பீக்கரிலும் ஒன்றுமில்லை. காதை ஒட்டி வைத்தால் மணல் சரிகிற மாதிரி ஒரு இழை. சங்கமித்ரா கட்டைவிரலை உயர்த்தினாள். பழனிச்சாமி ஐயா சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து க்ளெனின் மீட்டரில் பேட்டரி தீர்ந்தது. "ஒன் மினிட்," என்று கீழே ஸ்கூட்டருக்குப் போனார்.

அய்யாவுவுக்குக் கை பரபரத்தது. ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று உறையை மெல்லத் தூக்கினார். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் நெருப்பு. மேலே சிவப்புப் பொட்டு. அவருக்கு மனம் இளகிவிட்டது. குனிந்து, உதடு கண்ணாடியைத் தொடுகிற தூரத்தில், தனக்கே கேட்காத குரலில் சொன்னார்.

சுவரில் இருந்த இரண்டு ஸ்பீக்கரும் ஊருக்கே கேட்கச் சொன்னன.

"ராசாத்தி... போன வருசம் மாதிரி மானத்த வாங்கிடாதடி... அங்க சரசு குந்தினுகீறா... அவ முன்னாடி ஒரே ஒரு தபா என்னைய கெலிக்க வுடுடி கண்ணு..."

பதினோரு பேரும் ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். பிறகு அய்யாவுவைப் பார்த்தார்கள். செட்டின் பின்னால் கரண்டுக்கும் ஸ்பீக்கருக்கும் போகிற கம்பி தவிர வேறொன்றும் இல்லை. மைக் ஜன்னல் திண்டில் படுத்திருந்தது.

சரசு எழுந்து நின்றாள். "யாருங்க அது ராசாத்தி?"

அய்யாவு பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பெட்டி, இரண்டாம் பெட்டி எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. அரை நிமிடம் மணியடித்த அதே வால்வு. உள்ளே பின்னல் தளர்ந்த வால்வு மைக் மாதிரி. பக்கத்தில் பேசினால் அந்தப் பின்னல் ஆடும், ஆடினது பேச்சாக வெளியே வரும். தகர உறை ரேடியோவைத் தடுக்கும், உறுமலைத் தடுக்கும். மனுஷன் குரலைத் தடுக்காது. பத்து மணிக்குத் தட்டுக்குக் கீழே உட்காருகிறவர் ஒரு தும்மல் போட்டால் போதும், புத்தரே திரும்பிப் பார்ப்பார்.

க்ளென் பேட்டரியோடு வந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். க்ளென் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆம்ப்ளிஃபையர் பேசிச்சு. மைக் இல்லாம. தமிழ்ல."

"ஆமா க்ளென்."

"இங்லீஷ் தெரியாதாமா அதுக்கு?"

மீட்டரை வைத்தார். இரண்டு மில்லிவோல்ட். மறுபடி வைத்தார். இரண்டேதான். க்ளென் நேர்மையான மனிதர். முகம் சுருங்கினாலும் கையை நீட்டினார். "என்னுது மூணு, உன்னுது ரெண்டு. நீ ஜெயிச்சுட்ட மேன்."

இதற்காகத்தானே ஒரு வருடம் காத்திருந்தார். அந்தக் கையைக் குலுக்கினால் முடிந்தது. அய்யாவு குலுக்கவில்லை. அய்யாவுவே இதைச் சொல்லும்போது இந்த இடத்தில் பெரிதாக எதுவும் சேர்ப்பதில்லை.

"வால்வ மாத்தணும் க்ளென். பழுது இருக்குது. சீட்டு எடு."

"என்னா பழுது? மீட்டர் ரெண்டு காட்டுது."

"பேசுதே, அதான் பழுது."

"டேய், நாப்பது வருஷமா உன் கதைய கேக்குறேன் நான். கேன்டீன் சாம்பார்ல முழு முதலை வந்துச்சுன்னு சொன்ன ஆள் நீ."

"அது பல்லி. கொஞ்சம் பெரிசா சொல்லிட்டேன்."

"இதுவும் கொஞ்சம் பெரிசு. விதி என்னா? என் காதால கேக்கணும்."

ஆயிரம் பொய்யைச் சிரித்துக்கொண்டே விற்றவருக்கு, ஓர் உண்மையை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. சரசுதான் முன்னால் வந்தாள்.

"க்ளென் அண்ணே, இந்த மனுசன் சொன்னா நான் பத்துல ஒண்ணுதான் எடுத்துக்குவேன், உங்களுக்கே தெரியும். ஆனா இது நானே கேட்டது. ராசாத்தின்னு ஒருத்திய கெஞ்சுனாரு."

"தங்கச்சி, நீ பொய் சொல்ல மாட்டே. ஆனா சைன் என்னுது. காதும் என்னுதா இருக்கணும். எங்கயோ குட்டி மைக் ஒளிச்சு வெச்சிருக்கான், அவ்ளோதான்."

செட்டைக் கவிழ்த்தார். அடித்தட்டைக் கழற்றினார். டார்ச் அடித்து ஒவ்வொரு மூலையையும் பார்த்தார். ஜன்னல் திண்டில் இருந்த மைக்கை எடுத்துக் கீழ்த்தளத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அய்யாவுவை நாலாவது பாயில் உட்காரவைத்து, வாயைப் பொத்திக்கொள்ளச் சொன்னார். வாயால் ஸ்பீக்கர் மாதிரி பேசிக் காட்டுகிற ஆட்கள் உண்டாம்.

"இப்ப நான் ஒண்ணு சொல்றேன்," என்றார். "இந்த உலகத்துல ஒரு ஆளுக்கும் தெரியாத விஷயம். என் மௌரீனுக்கே தெரியாது. அது அங்க கேட்டா ஒத்துக்கறேன். கேக்காது."

உறையைத் தூக்கினார். இரண்டு உள்ளங்கையையும் வாய்க்கு வேலி கட்டி, பாவமன்னிப்புக் கேட்கிறவர் மாதிரிக் குனிந்தார். உதடு அசைந்தது. பக்கத்தில் நின்ற சங்கமித்ராவுக்குக்கூட ஒன்றும் கேட்கவில்லை.

"மௌரீன் வைக்கிற விந்தாலுக் கறியில வினிகர் ஜாஸ்தி," என்றது ஸ்பீக்கர், க்ளெனின் குரலில், அறை நிறைய. "முப்பத்தெட்டு வருஷமா நல்லாருக்குன்னு பொய் சொல்றேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. விகாரை அல்லவா. ஆனால் பழனிச்சாமி ஐயாவின் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

க்ளென் நிமிர்ந்தபோது காது இரண்டும் தக்காளி. "மாத்து மேன்," என்றார். "மொதல்ல மாத்து. சீட்டு அப்பறம் எழுதறேன்."

"பேசுச்சா இல்லையா?"

"அப்பறம்னு சொன்னேன்ல!"

மணி ஒன்பது நாற்பது. சங்கமித்ரா பேனா மூடியைக் கொடுத்தாள், பென்சிலுக்குப் பதில். இருவரும் தரையில் உட்கார்ந்து பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றித் தட்டினார்கள். இருபது நிமிடம் சூடேற்ற நேரமில்லை, ஒரு நிமிடம், ஒரு தட்டு. பொட்டை நம்பவில்லை. அய்யாவு தட்டினார், க்ளென் ஸ்பீக்கரில் காதை வைத்துத் தலையாட்டினார். மணி. அப்பளம். மறுபடி மணி. ஏழாவது வால்வைத் தட்டினபோது ஒன்றும் வரவில்லை. பலமாகத் தட்டினார். கல்லைத் தட்டின மாதிரி. அதன் நெற்றியில் பொட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. சைக்கிள் டியூப்பில் வெட்டிய ரப்பர் வளையம் ஒன்றை அதன் இடுப்பில் மாட்டி, உறையைக் கவிழ்த்து, கம்பியை இறுக்கினார்கள். மீட்டர் இரண்டில் நின்றது. க்ளென் குனிந்து, "ஹலோ," என்றார். வேறு எதுவும் சொல்லத் துணியவில்லை. ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை.

பத்து மணிக்கு அறுபது பேரும் உட்கார்ந்தார்கள்.

"மூச்சைப் பாருங்க," என்றார் பழனிச்சாமி ஐயா. அந்த நூல்குரல் கடைசிப் பாயில் இருந்தவரின் காதுமடல்வரை வந்து நின்றது. பிறகு ஒன்றுமில்லை.

அய்யாவுவுக்கு முதல் ஐந்து நிமிடம் இதயமே ஸ்பீக்கரில் கேட்பதுபோல இருந்தது. பிறகு அதுவும் அடங்கியது. பக்கத்து வீட்டில் குக்கர் மூன்று விசில் விட்டது. ஜன்னல் கம்பியில் ஒரு புறா கால் மாற்றி உட்கார்ந்தது. எங்கோ பழைய மெட்ராஸ் ரோட்டில் மெட்ரோ ரயில் ஒரு பெருமூச்சு மாதிரி போய் மறைந்தது. தட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவர் இருமினார். அய்யாவு பல்லைக் கடித்தார். இருமல் இருமினவரோடே முடிந்துபோயிற்று. செட் அலமாரியில் இருக்கிறது என்பதே தெரியவில்லை. உறைக்கு மேலே சின்னதாக ஓர் ஆரஞ்சு வட்டம், அவ்வளவுதான். பெண்கள் பக்கத்தில் சரசு ஒரு கண்ணை மட்டும் திறந்து தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

அரைமணி நேரம் அய்யாவு வாய் திறக்கவில்லை. அது எந்த உலக சாதனைக்கும் குறைந்ததில்லை.

முடிந்து எல்லோரும் பாய் சுருட்டும்போது மௌரீன் படியேறி வந்தார். சர்ச் முடிந்து க்ளெனை அழைத்துப்போக வந்தவர். பூப்போட்ட கவுன், கையில் சின்னப் பை. "எந்த செட்டு வின் பண்ணுச்சு? என் ஹஸ்பண்டோடது தானே?"

சங்கமித்ரா கோப்பைத் திறந்து பேனாவோடு க்ளெனிடம் வந்தாள். "அங்கிள், வால்வு மாத்துனதுக்கு சீட்டு எழுதல. நீங்க சைன் பண்ணலைன்னா உங்க விதிப்படி அய்யாவு அங்கிள் செட் தள்ளுபடி, உங்க செட் தட்டுக்குப் போகும்."

க்ளென் பேனாவை வாங்கினார். எழுதவில்லை. மௌரீனைப் பார்த்தார். அய்யாவுவுக்குத் தட்டு கையைவிட்டு நழுவுவது தெரிந்தது. வேறெந்த நாளாக இருந்தாலும் நாலு வார்த்தை சொல்லியிருப்பார். நாற்பது வருடச் சிநேகிதனின் முகம் வெளுத்திருந்தது. மெல்ல, "வால்வு சரியில்லன்னு மட்டும் எழுதுடா, போதும்," என்றார்.

"முழு விவரம் எழுதணும்னு போட்டிருக்கேன் மேன்," என்றார் க்ளென் அழாத குறையாக. "நான்தான் போட்டேன்."

குனிந்து எழுதினார். ஐந்து வரி. சங்கமித்ரா வாங்கி, கணக்காகப் பதிய வேண்டுமே என்று சத்தமாகப் படித்தாள். "எதுவும் செருகாத நிலையில் முதல் வால்வு பேசியது. பேசியதாவது: மௌரீன் விந்தாலுவில்..." நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்தினாள். ஆனால் மௌரீன் அவள் தோளுக்கு மேலே எட்டி மிச்சத்தையும் படித்துவிட்டார்.

பை கையிலிருந்து இறங்கவில்லை. குரலும் ஏறவில்லை. "இது அய்யாவு வேலை," என்றார் மௌரீன். "எப்பவும் போல கதை கட்டியிருக்கான். மெஷின் எங்கயாவது பேசுமா? சொல்லு க்ளென், இது அவன் கதைதானே?"

தப்பிக்க வழி இவ்வளவு அகலமாக க்ளெனுக்கு அதற்கு முன்னும் திறந்ததில்லை, பின்னும் திறக்கப் போவதில்லை. ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். நம்பாதவர் ஜோகுபாளையத்திலேயே இருக்க மாட்டார். அய்யாவுவின் நாற்பது வருட முதலைகள் எல்லாம் சாட்சிக்கு வரிசையில் நிற்கும். அய்யாவு பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

க்ளென் சீட்டை வாங்கி, மீட்டரின் மேல் வைத்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். நேரமும் போட்டார். பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"இல்ல மௌரீன்," என்றார். "அந்தாளு வாழ்க்கையில ஒரு தடவ நெஜம் சொல்லியிருக்கான். பேசுச்சு. என் காதால கேட்டேன்."